பெண்கள் பக்கத்துக் கதவு

கீழே விழுந்த செருப்பு வாரைத் தேடிக் குனிந்தபோதுதான் ராஜபாண்டி அந்தக் கோட்டைப் பார்த்தார். அவருடைய அறைக் கதவில், ஹாலைப் பார்த்த பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், நகத்தால் இழுத்தது போல ஒரு கோடு. ஆசாரி சுருளி நான்கு நாள் இழைத்து, உப்புத்தாள் போட்டு, மூன்று முறை வார்னிஷ் அடித்து மாட்டிய கதவு. மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. விரலால் தடவினார். வார்னிஷ் வழுவழுவென்றுதான் இருந்தது. கோடு அதற்கு அடியில் இருந்தது.

மனைவி மலையம்மாளைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று வாய்வரை வந்தது. கூப்பிடவில்லை.

அந்தக் கதவு மகன் மகிழன் செய்த வேலை. இரண்டு மாதத்துக்கு முன்னால், பழைய இடங்களை வீடியோ எடுத்துப் போடும் கார்த்திக்ராஜ் என்பவர் ராஜபாண்டியைத் தேவாரத்துக்குக் கூட்டிப்போய், ஊருக்கு வெளியே இடிக்கக் காத்திருந்த மணிமுத்து டாக்கீஸ் முன்னால் நிறுத்திப் பேசச் சொன்னார். ராஜபாண்டி இளவயதில் அங்கே கேட்டில் நின்று டிக்கெட் கிழித்தவர். சனிக்கிழமை சாயங்காலம் ஏலத்தோட்டங்களிலிருந்து ஜீப் ஜீப்பாக இறங்கிவரும் சனத்தையும், கூம்பு ஸ்பீக்கரில் சாமிப் பாட்டு முடிவதற்குள் வயக்காட்டு வரப்பில் ஓடிவரும் பெண்களையும், மழை பிடித்தால் தகரக் கூரையின் இரைச்சலில் வசனம் கேட்காமல் கூட்டமே வசனம் சொன்னதையும், இரண்டாம் ஆட்டம் விட்டதும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் புரோட்டாக் கல் தட்டும் சத்தத்தையும் பற்றிப் பேசினார். வீடியோவை லட்சம் பேர் பார்த்தார்கள்.

அப்பாவுக்கு அந்தக் கொட்டகைமேல் இவ்வளவு பிரியமா என்று நினைத்த மகிழன், இடிப்பவர்களிடம் சொல்லிவைத்து, பெண்கள் பக்கத்துத் தேக்குக் கதவைத் தேனிக்குக் கொண்டுவந்தான். புது வீட்டில் அப்பாவின் அறைக்கே மாட்டினான். அதிலிருந்த பழைய இரும்புத் தாழ்ப்பாள் அழகாக இருக்கிறதென்று ஆசாரி அதையும் எண்ணெய் போட்டு அப்படியே விட்டிருந்தார். கொட்டகைக்கு வெளிப்பக்கமாக இருந்த தாழ்ப்பாள் இப்போது ராஜபாண்டியின் கட்டில் பக்கம் இருந்தது. கொட்டகையின் உட்பக்கம் ஹாலைப் பார்த்திருந்தது. முதல் நாள் அதைப் பார்த்ததும் ராஜபாண்டி அழுதுவிட்டார். ஆனந்தக் கண்ணீர் என்று வீடே நினைத்தது.

கோட்டைப் பார்த்த அன்று மத்தியானம் ஒரு போன் வந்தது. தெரியாத எண்.

"அண்ணே, நான் பிச்சையம்மா மக ஞானசெல்வி பேசுறேன். தியேட்டர்ல வறுகடலை வித்துச்சுல்ல, அந்தப் பிச்சையம்மா."

அவர் உட்கார்ந்தார்.

கார்த்திக்ராஜிடம் நம்பர் வாங்கியதாக அவள் சொன்னாள். வீடியோவை மூன்று தடவை பார்த்தாளாம். எல்லாரையும் பற்றிச் சொன்ன அண்ணன் அம்மாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றாள். குறையாகச் சொல்லவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். பேசி முடிக்கும் நேரத்தில், பெண்ணோட அம்மாச்சி களவாணிதானே என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ கிளப்பிவிட்டார்களாம்.

"கொட்டகையப் பூட்டுன பெறகு களவாங்கப் போயிதான் உள்ள மாட்டிக்கிருச்சுன்னு அன்னைக்குச் சொன்னாக. எனக்கு அப்ப எட்டு வயசு. நீங்கதானண்ணே கேட்டுல நின்னீக. அது உள்ள எப்படிப் போச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்கு வேர்த்தது.

"எனக்குத் தெரியாது தாயி. நான் பெஞ்சு பெஞ்சாப் பாத்துட்டுத்தான் பூட்டுனேன்."

"சரிண்ணே. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

அவர் பெஞ்சு பெஞ்சாகப் பார்க்கவில்லை. ஒரு பெஞ்சைக்கூடப் பார்க்கவில்லை. லைசென்ஸ் முடிந்து கொட்டகை மூடப்படவிருந்த கடைசி இரவு அது. சின்னமனூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் ரெக்கார்டு டான்ஸ். கூட்டாளிகள் வேனைக் கிளப்பி ரோட்டில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். மழை. அவர் பெண்கள் பக்கத்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளிப் பூட்டுப் போட்டுவிட்டுத் திரும்பியபோது உள்ளே மூன்று தட்டல் கேட்டது. பெருச்சாளி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓடினார். விடியற்காலை வந்து சாவியை முதலாளி வீட்டில் கொடுத்தார். அப்போதும் சொல்லவில்லை. பிச்சையம்மாளைக் காணோம், எஸ்டேட் வேலைக்கு யாருடனோ மலையேறிவிட்டாள் என்று மறுநாள் ஊரில் பேச்சு கிளம்பியது. அதைக் கேட்டதும் அவருக்கு அந்த மூன்று தட்டல் நினைவுக்கு வந்தது. உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று அன்று போகவில்லை. மூன்றாம் நாள், இன்னும் கேட்பார்களே என்று போகவில்லை. ஒன்பதாம் நாள் நாற்காலிகளை எடுக்கப் போனவர்கள்தான் கதவைத் திறந்தார்கள். பிச்சையம்மாள் கதவடியில் செத்துக் கிடந்தாள். காய்ச்சலில் பெஞ்சில் படுத்துத் தூங்கிப் போயிருப்பாள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. களவாணி என்று யாரோ சொன்னார்கள். அவர் தலையாட்டினார்.

சாயங்காலம் விளக்கைப் போட்டுவிட்டுக் கதவைப் பார்த்தார். ஒரே ஒரு கோடு அல்ல. நெஞ்சு உயரத்தில் கனமாக, ஆழமாக, கொத்துக் கொத்தாகக் கீறல்கள். இடுப்பு உயரத்தில் அதைவிடக் குறைவாக. முழங்கால் உயரத்தில் சில. கீழே, தரையை ஒட்டி, மரத்தில் பதிந்தும் பதியாமலும் நாலைந்து. நின்று, உட்கார்ந்து, படுத்து. அவர் எண்ணவில்லை. மலையம்மாள் அதே கதவைத் துணியால் துடைத்துக்கொண்டே, வார்னிஷ் இன்னும் காயவில்லை போல, ஒரு வாடை அடிக்கிறது என்றாள். அவள் கண்ணில் எதுவும் படவில்லை.

இராத்திரி அவள் பேத்தியோடு மாடியில் படுக்கப் போனாள். ராஜபாண்டி அறைக்குள் வந்து தாழ்ப்பாளைப் போட்டார். மேகமலைப் பக்கமிருந்து இறங்கிய மழை ஜன்னலில் அடிக்கத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. காங்கிரீட் மச்சு வீடு அது. ஆனாலும் மழை தகரத்தில் விழுவது போல இரைந்தது. கதவின் அடி இடுக்கு வழியாக வாடை வந்தது. நனைந்த சாக்கு, கடலைத் தோல், அணைந்த பீடி, மூத்திரம், அதற்கெல்லாம் அடியில் இன்னொன்று, இனிப்பாக, மூக்கை விட்டுப் போகாமல். அவர் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார்.

சுரண்டும் சத்தம். தரையை ஒட்டி.

நின்றது.

பிறகு மூன்று தட்டல். ஓங்கித் தட்டவில்லை. கையில் தெம்பு இல்லாத ஒருவர் தட்டுவது போல.

"தம்பி. உள்ள ஆளு இருக்கு தம்பி."

அன்றும் இது கேட்டது. தட்டலோடு குரலும் கேட்டது. முப்பத்தாறு வருடமாகப் பெருச்சாளி, பெருச்சாளி என்று சொல்லிச் சொல்லி அந்தக் குரலை அவர் தன் காதிலிருந்தே அழித்து வைத்திருந்தார். யார் குரல் என்பதுகூட அப்போதே அவருக்குத் தெரியும். இடைவேளைக்கு இடைவேளை அவருக்குக் கைநிறையக் கடலை கொடுத்துவிட்டுப் போகும் குரல்.

அவமானத்தில் அவருக்கு உடம்பு எரிந்தது. பயத்தைவிட அதுதான் பெரிதாக இருந்தது. எழுந்தார். திறந்துவிடுவது. காலில் விழுவது. காலையில் ஞானசெல்விக்குப் போன் செய்து, மாப்பிள்ளை வீட்டுக்கே வந்து சொல்கிறேன் தாயி என்று சொல்வது. செல்போன் வெளிச்சத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். தாழ்ப்பாளைத் தொட்டார். சில்லென்று இருந்தது. இழுத்தார். எண்ணெய் போட்ட இரும்பு சத்தமில்லாமல் வந்தது.

கதவு திறந்தது.

ஹால் இல்லை. சோபா இல்லை. மாடிப்படி இல்லை.

இருட்டு. வெளிச்சம் எட்டிய தூரம்வரை பெஞ்சுகள். வரிசை வரிசையாக. காலி.

ஆள் உயரத்தில் யாரும் இல்லை.

வெளிச்சத்தைக் கீழே இறக்கினார்.

அவள் வாசற்படியில் கிடந்தாள். கன்னம் தரையில் இருந்தது. உதடு வெடித்து உள்ளே ஒட்டிப் போயிருந்தது. வெளிச்சம் பட்டதும் மெல்ல, மிக மெல்ல, தலையைத் தூக்கினாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்திருந்தார். கோபம் இல்லை. அந்த முகத்தில் சந்தோஷம் இருந்தது.

"வந்துட்டீகளா தம்பி."

ஒரு கை அவர் காலைத் தேடி நீண்டது.

அவர் கை கதவைத் தள்ளியது.

அவர் தள்ளச் சொல்லவில்லை. கை தள்ளியது. கதவு பாதி மூடி நின்றது. ஓரத்தில், தரையை ஒட்டி, நான்கு விரல்கள் மரத்தைப் பிடித்திருந்தன. நகம் இல்லை. ஒன்றில்கூட இல்லை.

"தம்பி."

ராஜபாண்டி தோளைக் கொடுத்தார். குதிகாலைத் தரையில் ஊன்றினார். கண்ணை மூடிக்கொண்டு, அழுதுகொண்டே, தள்ளினார். விரல்கள் விடவில்லை. இன்னும் பலம் கொடுத்துத் தள்ளினார்.