கழுதை வரைபடத்தைத் தின்னாச்சா?

தும்பி ஒரு புத்தகத்தை நன்றாக இருக்கும் என்று சொன்னால், உடனே கை நீட்டி வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கினேன். அதற்குப் பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தும்பி என் வகுப்புத் தோழி. எங்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் இருக்கிறாள். யாரையாவது சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். நான் மெதுவாகப் படிப்பேன் என்பதால் எனக்கு ஆமை என்று பெயர். ஆமைக்கும் தும்பிக்கும் எப்படி ஒத்துப்போகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எங்கள் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. மாதக் கடைசியில் ஒவ்வொருவரும் தனக்கு மிகவும் பிடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து ஒரு நண்பருக்குப் படிக்கக் கொடுப்போம். இந்த முறை தும்பி நேராக என்னிடம் வந்தாள். ஓரமெல்லாம் மடங்கிப்போன ஒரு தடித்த புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். கப்பலில் தெரியாமல் ஏறிவிட்ட ஒரு கழுதையின் கதை. அந்தக் கப்பலின் கேப்டனுக்குத் தண்ணீர் என்றாலே பயம். எனக்கு அட்டையைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

அன்று சாயங்காலம் முதல் பக்கத்தைத் திறந்தேன். அழைப்பு மணி அடித்தது.

"ஆரம்பிச்சிட்டியா?" வாசலில் தும்பி நின்றாள்.

ஆரம்பிக்கப் போகிறேன் என்றேன். சரி, படி என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். புத்தகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நான் லேசாக உதட்டை அசைத்தால் போதும், எந்த வரி, எந்த வரி என்று எட்டிப் பார்த்தாள். நான் அப்போது கொட்டாவிதான் விட்டேன்.

மறுநாள் பள்ளியில் கணக்கு வகுப்பு நடக்கும்போது பின்னாலிருந்து என் சடையை இழுத்தாள். திரும்பினேன்.

"கழுதை வரைபடத்தைத் தின்னாச்சா?"

கழுதை வரைபடத்தைத் தின்னப்போகிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. போதாததற்கு, வகுப்பில் பேசியதற்காக ஆசிரியர் என்னைத்தான் எழுந்து நிற்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் எங்கே போய்ப் படித்தாலும் அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். மாடிப்படிக்கு அடியில் ஒளிந்து படித்தேன், மேலிருந்து தலை எட்டிப் பார்த்தது. அம்மாவின் தையல் மேஜைக்குக் கீழே போய்ப் படித்தேன். என் அம்மா வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர். கீழே துண்டுத்துணிக் குவியலுக்கு நடுவில் நான் வசதியாக உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் குவியலுக்கு அந்தப் பக்கம் இரண்டு கண்கள் தெரிந்தன.

"கேப்டன் மயங்கி விழுந்தப்போ சிரிச்சியா?"

அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, நீங்க ரெண்டு பேரும் வெளிய போய்ப் பேசுங்க என்றார். நான் எங்கே பேசினேன்? படிக்கக்கூட விடவில்லையே.

எனக்குப் பொறுமை போய்விட்டது. இவள் இப்படி என் உயிரை வாங்குவதைவிடப் புத்தகத்தையே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பாதியில் ஒரு சிவப்புத் துண்டுத்துணியை அடையாளமாக வைத்திருந்தேன். அதோடு சேர்த்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

தும்பியின் அண்ணன் கதவைத் திறந்தார். அவர் வண்டி பழுதுபார்க்கும் மெக்கானிக். வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்திருக்கிறார், கையெல்லாம் சோப்பு நுரை. என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

"நீயும் பாதியில கொண்டு வந்துட்டியா? இதை இதுவரைக்கும் யாருமே முழுசாப் படிச்சதில்லம்மா. அவ அந்தக் கதையை என்கிட்டயும் சொன்னா. நான் கேட்டுக்கிட்டே தூங்கிட்டேன்."

அதற்குள் தும்பி வந்துவிட்டாள். புத்தகத்தைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"உனக்கும் பிடிக்கலையா?" என்றாள். இனிமேல் இதை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை என்றும் சொன்னாள்.

எனக்குக் கோபம் போய்ப் பாவமாக இருந்தது. ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடுவதுதான் நல்லது என்று தோன்றியது.

"புத்தகம் ரொம்பப் பிடிச்சிருக்கு. நீ பக்கத்துல நின்னு பாக்கறதுதான் பிடிக்கல."

 தும்பி மெல்லச் சொன்னாள். "எனக்கு அந்தக் கழுதையை அவ்வளவு பிடிக்கும். அதைப் பத்திப் பேச ஒருத்தருமே இல்ல. நான் சிரிச்ச இடத்துல நீயும் சிரிச்சியான்னு தெரிஞ்சாப் போதும்."

பேசிக்கொண்டே புத்தகத்தை வாங்கினாள். சிவப்புத் துணி வைத்த இடத்தில் அது தானாகத் திறந்துகொண்டது. அவள் கண் உடனே பெரிதாகிவிட்டது. இங்கேதான் சிரித்தாயா என்று கேட்டாள். இல்லை, அங்கே நிறுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சட்டென்று எனக்கு ஒரு யோசனை வந்தது. புத்தகத்தை அவள் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"இதோ பார். சிரிச்ச இடத்துல எல்லாம் சிவப்புத் துணி வைக்கிறேன். அழுகை வந்தா நீலம். முடிச்சதும் நீயே பாத்துக்கோ. அதுவரைக்கும் ஒரு கேள்வி கேக்கக் கூடாது."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

தும்பி வாக்குக் கொடுத்தாள். பாவம், அதைக் காப்பாற்ற அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. மாடிப்படியில் என்னைப் பார்த்தால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். வகுப்பில் என் சடை வரைக்கும் வந்த கை அப்படியே திரும்பிப் போனது. ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, மழை வருமா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு, என் புத்தகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போனாள். வெளியே நல்ல வெயில்.

நான் ஆமை வேகத்தில் படித்தேன். கழுதை வரைபடத்தைத் தின்றபோது, முன்பே தெரிந்திருந்தும், வயிறு வலிக்கச் சிரித்தேன். அங்கே இரண்டு சிவப்பு வைத்தேன்.

முடித்ததும் மாடிக்குக் கொண்டு போனேன். புத்தகம் பக்கமெல்லாம் துணி வைத்து உப்பிப்போயிருந்தது. தும்பி படியிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு சிவப்பாகத் திறந்தாள். நானும்தான், நானும் இங்கேதான் என்று குதித்தாள். அவள் அண்ணன் என்ன சத்தம் என்று வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கடைசிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நீலத் துணி இருந்தது. அங்கே தும்பி நின்றுவிட்டாள்.

"இங்க ஒண்ணுமே இல்லையே. கழுதை கரையில இறங்கிப் போயிடுச்சு. அப்புறம் கப்பல் சமையல்காரர் எல்லாருக்கும் சாப்பாடு போடறார். நான் எப்பவும் இதை வேகமாத் திருப்பிடுவேன்."

"மெதுவாப் படி," என்றேன்.

அவள் படிக்கத் தொடங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தேன். சமையல்காரர் பழக்கத்தில் கழுதைக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வைப்பார். பிறகு நினைவு வந்து, அதைத் துடைத்து அலமாரியிலேயே திரும்ப வைப்பார். அந்த இடத்துக்கு இவள் இன்னுமா வரவில்லை?

"தட்டு வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

தும்பி தலையை நிமிர்த்தாமலே உதட்டில் விரலை வைத்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மூக்கை உறிஞ்சினாள். சிவப்புத் துணிகளை எல்லாம் எடுத்து என் கையில் கொடுத்தாள். நீலத் துணியை மட்டும் அதே பக்கத்தில் வைத்துப் புத்தகத்தை மூடிக்கொண்டாள்.