அப்பாவின் உருளைக்கிழங்கு வரிசை

இரண்டே வாரத்தில் வந்துவிடுவேன் என்று ஊருக்குப் போன அப்பா, பதினோரு வாரமாகியும் வரவில்லை. அத்தையின் கல்யாணம் எப்போதோ முடிந்துவிட்டது. அமெரிக்கா திரும்புவதற்கான விசாதான் இன்னும் கைக்கு வரவில்லை.

எடிசன் நகரத்து வீட்டில் ஜெபினாவும் அம்மாவும் மட்டும். அம்மா மருந்துக்கடையில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்பவர். வீட்டுக்கு வந்ததும் சோபாவில் சாய்ந்துவிடுவார். தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது பத்து வயது ஜெபினாவின் வேலை. ஊற்றி ஊற்றி அவளுக்கும் அலுத்துப் போயிருந்தது.

கிளம்புவதற்கு முன் அப்பா கொல்லையில் ஒரு வரிசை உருளைக்கிழங்கு நட்டிருந்தார். மஞ்சள் கிழங்கு, வெண்ணெய் போல வேகும். பக்கத்து வரிசை ஜெபினாவுடையது. அவள் தேர்ந்தெடுத்தது மேடும் பள்ளமுமான சிவப்புக் கிழங்கு. 'நோயைத் தாங்கும், மருந்து அடிக்க வேண்டாம்' என்று அந்த விதைக்கிழங்குப் பையில் போட்டிருந்தது. மருந்து அடித்தால் தேனீக்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பது அவள் கவலை.

"நான் வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து தோண்டலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார் அப்பா.

ஜூலையில் ஒரு வாரம் விடாத மழை. வெயில் வந்த அன்று பார்த்தால், அப்பாவின் செடிகளில் இலைக்கு இலை கறுப்புத் திட்டு. அடிப்பக்கம் வெள்ளைப் பூஞ்சை. ஜெபினாவின் செடிகளில் ஒன்றிரண்டு புள்ளிகள்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்த செழியன் அங்கிள் எட்டிப் பார்த்தார்.

"அது ப்ளைட் மாதிரி இருக்கும்மா, இலையைக் கருக்குற பூஞ்சை நோய். காத்துலயே பரவும். தக்காளியையும் விடாது." அவர் சற்றுத் தயங்கினார். "அப்பா வந்ததும் சொல்லு."

அப்பா எப்போது வருவார் என்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

"அம்மா, அப்பா வரிசையைப் பிடுங்கணும்," என்றாள் ஜெபினா அன்று மாலை.

"அவர் நட்டது. அவரே வரட்டும்," என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

"அதுக்குள்ள அங்கிளோட தக்காளி எல்லாம் போயிடும்மா."

"எனக்கு முடியல ஜெபி. அப்புறம் பாக்கலாம்."

மறுநாள் சனிக்கிழமை. காலையில் லேசாகக் காற்றடித்தது. கறுத்த இலைகள் வேலிப் பக்கமாகவே சாய்ந்து ஆடின. ஜெபினா ஒரு குப்பைப் பையை எடுத்துக்கொண்டு போனாள். முதல் செடியைப் பிடித்தவள் வெகுநேரம் பிடித்தபடியே நின்றாள். பிறகு இழுத்தாள்.

நான்காவது செடி வர மறுத்தது. பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். தண்டு பட்டென்று அறுந்தது. ஜெபினா சேற்றில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஒரு பை போதாது."

அம்மா இன்னொரு பையோடு நின்றுகொண்டிருந்தார். அவரும் குனிந்து பிடுங்கத் தொடங்கினார். இரண்டு செடிகளுக்குப் பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"இது வளர்ற வரைக்கும் அவர் இங்கதான் இருக்கார்னு நெனச்சுக்கிட்டேன்."

"நானும்தாம்மா," என்றாள் ஜெபினா.

அவள் கைகொடுத்து அம்மாவை எழுப்பினாள். பிறகு மிச்சத்தையும் பிடுங்கி, பைகளை இறுக்கிக் கட்டினார்கள். மண்ணைக் கிளறியபோது எலுமிச்சை அளவில் கிழங்குகள் கிடைத்தன. அழுகியதைத் தள்ளியது போக, ஒரு கிண்ணம் நல்லது தேறியது. அம்மா வேகவைத்து, பூண்டும் மிளகும் போட்டு வறுத்தார்.

அப்பாவுக்கு வீடியோ கால் போட்டாள் ஜெபினா. "அப்பா, உங்க வரிசையைப் பிடுங்கிட்டோம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ப்ளைட் நோய் வந்துடுச்சு. என் வரிசை நிக்குது. அங்கிள் தக்காளிக்கும் ஒண்ணும் ஆகல."

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் இருந்திருந்தாலும் அதைத்தான் பண்ணியிருக்கணும். பண்ணியிருப்பேனான்னு தெரியல." பிறகு கேட்டார், "கிழங்கு ஏதாவது இருந்துச்சா?"

அம்மா தட்டைத் தூக்கிக் காட்டினார்.

"எனக்குக் கொஞ்சம் எடுத்து வை."

"ஆறிடும்ப்பா," என்றாள் ஜெபினா.

அம்மா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

"அப்ப நீங்க சாப்பிடுங்க, நான் பாக்கறேன்," என்றார் அப்பா.

அவர் பார்க்கப் பார்க்க இருவரும் சாப்பிட்டார்கள். தட்டு காலியான பிறகும் யாரும் போனை வைக்கவில்லை.