பேசினவள் பெருக்கணும்

அறைக்குள் நுழைந்ததும் கடைக்காரியை உறுத்தியது வாசனைதான். மூன்று பெண்கள் குடியிருக்கும் விடுதி அறையில் ஈரத்துணியும் பவுடரும் காலணியும் கலந்து சந்தை மாதிரி ஒரு வாடை எப்போதும் அடிக்கும். அன்று மாலை அது எதுவுமே இல்லை, நெடுநாள் பூட்டிக் கிடந்த கிடங்கைத் திறந்தது போல ஒரு குளிர்ந்த காற்றுதான் இருந்தது. வெளியே மழை. மேல்கட்டிலில் அறைத்தோழி குருவி தலையோடு போர்த்திப் படுத்திருந்தாள்.

ஜவுளிக்கடைக்காரரின் மகள் என்பதால் அவளுக்குக் கடைக்காரி என்று பட்டம். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவன் தலையிலும் துணியைக் கட்டி அனுப்பும் வாய் அவளுக்கு. அந்த வாய்க்கு இந்த அறையில் வியாபாரம் படுத்து வெகுநாளாயிற்று. மூன்றாவது கட்டில்காரி, அதட்டலுக்காகவே வாத்தியாரம்மா என்று பட்டம் வாங்கியவள், பரீட்சை சமயத்தில் ஒரு சட்டம் போட்டாள்: அறைக்குள் வாய்விட்டுப் பேசினவள் பெருக்கணும். பரீட்சை முடிந்தது, சட்டம் முடியவில்லை. சீப்பு கேட்பதும் வாட்ஸ்அப் குரூப்பில்தான், சிரிப்பதும் குரூப்பில்தான். கைக்கெட்டும் தூரத்தில் கருங்கல் முகத்தோடு உட்கார்ந்து, விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மையை அனுப்பிக்கொள்வார்கள்.

சண்டையும் போனிலேயேதான். குருவி தூங்குவதைப் படமெடுத்துக் கடைக்காரி கல்லூரி குரூப்பில் போட்டுவிட, கல்லூரியே கைதட்டியது. குருவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாளைக்கு அவள் அறை மாறுகிறாள் என்று வார்டன் சொல்லித்தான் தெரிந்தது. இருந்தது ஒரே சிநேகிதி. முதலுக்கே மோசம்.

கீழே உட்கார்ந்து குருவிக்குப் போனில் தட்டினாள்: மன்னிச்சிடுடி.

மேலே போர்வைக்குள் வெளிச்சம் மினுங்கியது. குருவியின் எண்ணிலிருந்து பதில்.

வாயால சொல்லு.

கைகூப்பும் பொம்மை அனுப்பினாள். அழும் பொம்மை. சிவப்பு இதயம். படிப்படியாக விலையை ஏற்றியும் எதிர்த்தரப்பு இறங்கவில்லை.

வாயால. கிட்ட வந்து.

ஏணியில் ஏறினாள். இரும்புப் படி ஒவ்வொன்றும் பனிக்கட்டியாக உள்ளங்காலைக் கடித்தது. தொண்டையைச் செருமினாள்.

"குருவி... தப்பு என்னோடதுதான்டி. போகாதடி."

குரல் அறையில் பரவவில்லை. மணலில் ஊற்றிய நீராகப் போர்வைக்குள் இறங்கியது. தொண்டையில் ஏதோ கழன்ற மாதிரி இருந்தது.

கையில் போன் அதிர்ந்தது. வாத்தியாரம்மா.

"ஏய் கடைக்காரி, நானும் குருவியும் பஸ் ஸ்டாப்புல மழைக்கு ஒதுங்கியிருக்கோம். இவ போன் காலையிலயே பக்கெட்ல விழுந்து செத்துப்போச்சு, ரிப்பேருக்குக் குடுத்துட்டு வர்றோம். இவ ரூம் மாறுறதெல்லாம் சும்மா வீராப்புடி. நீ நேரா ரெண்டு வார்த்தை பேசு, போதும். இந்தா, அவகிட்டயே குடுக்கறேன்."

கடைக்காரி வாயைத் திறந்தாள்.

காற்று. வெறும் காற்று.

"ஏய், இருக்கியா?" மழைச் சத்தத்துக்கு நடுவே குருவி.

போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது. கடைக்காரியின் குரலில். வாசலோடு போகிறவனைக் கடைக்குள் இழுக்கும் அதே குழைவு.

"தப்பு என்னோடதுதான்டி. போகாதடி. ரூமுக்கு வாடி."

அந்தப் பக்கம் ஒரு விம்மல். "இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்? பஸ் வந்துடுச்சு. இதோ வர்றேன்டி."

துண்டித்துவிட்டாள்.

கடைக்காரி குரூப்பில் அடித்தாள்: வராதீங்க. நான் பேசலை. ரூம்ல வேற யாரோ.

வாத்தியாரம்மா சிரிக்கும் பொம்மை அனுப்பினாள். பின்னாலேயே ஒரு வரி: வாயாலயே கூப்பிட்டாச்சு, இனிமே என்னடி நடிப்பு?

அதற்கும் கீழே, குருவியின் எண்ணிலிருந்து, இன்னொரு சிரிக்கும் பொம்மை.

இறங்கக் காலை எடுத்தாள். போர்வை விளிம்பிலிருந்து ஐந்து விரல்கள் நீண்டன. மணிக்கட்டைப் பிடித்தன. போன் கீழே விழுந்தது. கத்தினாள். சத்தமில்லை. உதறினாள். பிடி இறுகியது. எவ்வளவு நேரம்? தெரியவில்லை. மழை விட்டிருந்தது.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். இரண்டு பேர். ஏதோ சொல்லி, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு ஏறி வந்தார்கள்.

போர்வைக்குள்ளிருந்து இன்னொரு கை வந்தது. ஈரப்பசையில்லாத, சில்லிட்ட உள்ளங்கை. கடைக்காரியின் வாயை மெல்ல, பிரியமாகவே மூடியது.

"உள்ள வாங்கடி," என்றது அவள் குரல். "கதவு திறந்துதான் இருக்கு."