சாம்பியனின் இடது பக்கம்

அது 1936-ஆம் வருஷம், ஆடி மாதம். குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. ஐந்தருவியில் குளிக்க வந்தவர்களில் ஒருவர் முகம்மது கனி.

கடையநல்லூரில் பிறந்து ரங்கூனுக்குப் போனவர். அங்கே ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் எட்டு வருஷம் அவர்தான் சாம்பியன். இப்போது முன்னாள் சாம்பியன். முன்னாள் ஆனாலும் உடம்பு அப்படியேதான் இருந்தது. அவர் போய் நின்ற அன்று ஐந்தருவி நாலருவி ஆகிவிட்டது. ஓர் அருவி முழுவதையும் அவர் தோளே வாங்கிக்கொண்டது. கீழே நின்றவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் கூட்டிச் சொல்லவில்லை. நீங்கள் நம்பவேண்டுமே என்று குறைத்துத்தான் சொல்கிறேன்.

அந்த வாரம் தென்காசித் தெருக்களில் தமுக்கு அடித்தார்கள். "ரங்கூன் சாம்பியனோட மூணு ரவுண்டு நிக்க யாருக்காவது தைரியம் உண்டா? சனிக்கிழமை சாயங்காலம், அரிசி மில் மைதானத்துல!"

"நான் நிக்கேன்!" என்று ஒரு கை உயர்ந்தது.

அது மாடக்கண்ணுவின் கை. தெருவிலேயே இளவட்டக்கல்லைத் தலைக்கு மேல் தூக்கியவன் அவன் ஒருவன்தான். வருகிற ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். பெண் கடையத்துப் பெண்.

அவன் அம்மா உலகம்மை தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏலே, பல்லு போயிட்டா கடையத்துக்காரங்க பொண்ணு குடுப்பாங்களா?"

"சும்மா இரும்மா. கையில உறை மாட்டித்தான் குத்துவாங்களாம். உள்ள பஞ்சு. தலையணையால அடிச்சா வலிக்குமா?"

மறுநாள் அவனே குற்றாலத்துக்குப் போய்ப் பார்த்தான். கனி அந்தத் தலையணையை மாட்டிக்கொண்டு, மரத்தில் தொங்கிய பலாப்பழத்தை ஒரு குத்து குத்தினார். பழம் பிளந்தது. பிளந்தது மட்டுமல்ல, சுளை வேறு கொட்டை வேறாக விழுந்தது.

மாடக்கண்ணு வீட்டுக்கு நடந்தே வந்தான். வந்ததும் தங்கையைக் கூப்பிட்டான். அவள் பெயர் ஆவுடைத்தாய், வயது பத்து.

"ஏட்டி, நீ அம்மாகூட ஐந்தருவியில வடைக்கடையிலதான இருக்க? அந்த ஆளை நல்லாக் கவனி. பலம் என்ன, பலவீனம் என்னன்னு எழுதிக்கொண்டா. என் பல்லு உன் கையிலதான் இருக்கு."

ஆவுடைத்தாய் சிலேட்டின் நடுவில் ஒரு கோடு கிழித்தாள். ஒரு பக்கம் 'பலம்', மறுபக்கம் 'பலவீனம்'. வடைச்சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கனி வந்தார். நாற்பத்திரண்டு ஆமவடை தின்றார். 'பலம்' என்று எழுதினாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுக்குக்காப்பி கேட்டார். அதை அழித்து, 'பலவீனம்' பக்கம் எழுதினாள்.

ஒரு குரங்கு வந்து அவர் இலையிலிருந்த வடையைத் தூக்கிக்கொண்டு போனது. பலாப்பழத்தைப் பிளந்தவர் அந்தக் குரங்கை ஒன்றுமே செய்யவில்லை. இதை எந்தப் பக்கம் எழுதுவது?

"அம்மா, குரங்கை அடிக்காதது பலமா, பலவீனமா?"

"குரங்குக்குப் பலம்" என்றாள் உலகம்மை.

சிலேட்டில் குரங்குக்கு இடமில்லை. அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சாரல் விழுந்து எழுதியது முழுவதும் அழிந்தது. மூன்று நாளும் இதே கதைதான். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி எழுதி, அவளுக்கே தலை சுற்றியது.

ஆனால் ஒன்றை அவள் கவனித்துவிட்டாள். குரங்கு எப்போதும் அவருடைய இடது பக்கமாகவே வந்தது. சுக்குக்காப்பியை இடது பக்கமாக நீட்டினால் அவர் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆவுடைத்தாய் அவருடைய வலது பக்கம் போய் நின்று நாக்கைத் துருத்தினாள். அவரும் பதிலுக்குத் துருத்தினார். இடது பக்கம் போய்த் துருத்தினாள். அவர் பேசாமல் வடை தின்றுகொண்டிருந்தார்.

"மாமா, உங்களுக்கு இந்தக் கண்ணு தெரியாதா?"

கனியின் கையிலிருந்த வடை அப்படியே நின்றது. மெதுவாக, "கண்டுபிடிச்சிட்டியா தாயி?" என்றார். "ரங்கூன்ல வாங்கின அடி. கொஞ்சம் வெளிச்சந்தான் மிச்சம். இன்னும் ரெண்டு அடி விழுந்தா அதுவும் போயிரும்னு டாக்டர் சொல்லுதாரு."

"அப்புறம் ஏன் நாளைக்குச் சண்டை போடப் போறீய?"

"ஊர்க்காரங்க ஆசையாக் கேட்டாங்க. முடியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"எங்க அண்ணனும் அப்படித்தான் மாமா. இப்ப பயமா இருக்கு அவனுக்கு. சொல்ல வெக்கப்படுதான்."

"உங்க அண்ணன் யாரு?"

"உங்ககூடச் சண்டை போடப் போறவன்."

கனி அவளைப் பார்த்தார். சிலேட்டைப் பார்த்தார். "அப்ப நீ வேவு பாக்க வந்தவளா?"

"ஆமா. பாத்ததை அவன்கிட்ட சொல்லியாகணும். நீங்க வருத்தப்படாதீய. பதிலுக்கு அவன் பலவீனத்தை உங்ககிட்ட சொல்லிருதேன். குத்து வந்தா கண்ணை மூடிக்கிடுவான். அப்புறம், ஆவணி வரைக்கும் அவனுக்குப் பல்லு வேணும்."

முன்னாள் சாம்பியன் தலையைச் சொறிந்தார். "இது எந்த ஊர்ச் சண்டைன்னே எனக்குப் புரியலையே!"

வீட்டில் மாடக்கண்ணு செய்தியைக் கேட்டுத் துள்ளிக் குதித்தான். "இடது பக்கமா! அங்கனயே போட்டுத் தாக்கிருதேன்!"

"தாக்கினா அவருக்கு ஒரு கண்ணு சுத்தமாப் போயிரும்ணே. உன் பல்லு விசயத்தையும் அவர்கிட்ட சொல்லிட்டேன்."

"ஏட்டி! நீ யாரு கட்சி?"

"ரெண்டு பேரு கட்சியும்."

மாடக்கண்ணு புளிமூட்டை ஒன்றைத் தொங்கவிட்டுக் குத்திப் பழகினான். அதன் இடது பக்கம் குத்த ஓங்கியவன், கையை இறக்கிவிட்டான். புளிமூட்டை அவனைப் பார்ப்பதுபோல் இருந்ததாம்.

சனிக்கிழமை மைதானத்தில் தென்காசியே திரண்டது. நடுவர், டிரில் வாத்தியார் ஏசுவடியான். தண்டவாளத் துண்டில் டிங் என்று அடித்தார்.

முதல் ரவுண்டில் மாடக்கண்ணு சாம்பியனின் வலது பக்கமாகவே ஓடினான். அவரும் திரும்பித் திரும்பிச் சுற்றினார். இரண்டு பேரும் செக்குமாடுபோலச் சுற்றினார்கள், எண்ணெய் மட்டும் வரவில்லை.

இரண்டாவது ரவுண்டில் கனி கையை ஓங்கினார். மாடக்கண்ணு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். கனி ஓங்கிய கையோடு நின்றார். "கண்ணைத் திற தம்பி."

"குத்த மாட்டியளே?"

"நீ திறக்காம எப்படிக் குத்த?"

அவன் திறந்தான். அவர் வயிற்றில் லேசாகத் தொட்டார். அவன், "நன்றி அண்ணாச்சி" என்றான்.

கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏலே, அடிங்கலே! என்னலே விருந்தா சாப்பிடுதிய?"

மூன்றாவது ரவுண்டில் மாடக்கண்ணு வேகமாக வீசிய கை தப்பித்தவறிச் சாம்பியனின் இடது கண்ணுக்கு நேராகப் போனது. அவருக்கு அது தெரியவில்லை. கண்ணுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் மாடக்கண்ணு கையை இழுத்தான். இழுத்த வேகத்தில் மூன்று முறை பம்பரமாகச் சுற்றி, புழுதியில் விழுந்தான். கனி குனிந்து அவனைத் தூக்கி நிறுத்தினார். டிங்!

ஏசுவடியான் வாத்தியார் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். "சாம்பியனை யாரும் அடிக்கலை. அதனால அவர் ஜெயிச்சார். பையன் மூணு ரவுண்டு நின்னுட்டான். அதனால அவனும் ஜெயிச்சான்" என்று இரண்டு பேர் கையையும் தூக்கினார். உலகம்மை ஓடிப்போய் மகன் வாயைத் திறந்து எண்ணினாள். முப்பத்திரண்டும் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் ஐந்தருவிக்கு ஒன்றாக வந்தார்கள். வழுக்குப் பாறையில் மாடக்கண்ணு அவருக்கு இடது பக்கமாகவே நடந்தான். "இங்கன பள்ளம் அண்ணாச்சி, பாத்து" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

சிவகிரியிலிருந்து குடை பிடித்து வந்த ஒருவர் அவர்களை நிறுத்திக் கேட்டார். "நேத்துச் சண்டையில யாருய்யா ஜெயிச்சது?"

"இவரு" என்றான் மாடக்கண்ணு.

"இவன்" என்றார் கனி.

"ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்லுதாங்க" என்றாள் ஆவுடைத்தாய், வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

சிவகிரிக்காரர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விரித்த குடையோடு அருவிக்குள் போய் நின்றுகொண்டார்.