இடப்பக்கம் இறங்கும் பாதை

அவர்கள் மலையடிவார விடுதிக்கு வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. காருக்குப் பின்னால் கட்டியிருந்த இரண்டு சைக்கிள்களையும் கணவன் இறக்கிச் சுவரில் சாத்தி, டயர்களை விரலால் அமுக்கிப் பார்த்தான். சைக்கிள் கடை வைத்திருப்பவன். எங்கே போனாலும் அவனுக்கு முதல் வேலை அதுதான்.

பழைய கல் கட்டடம். நடைவழியில் ஈரச் சுவரின் வாடை. சாவியை நீட்டிய விடுதிக்காரம்மா மனைவியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இங்க தங்கியிருந்து காணாமப் போன அந்தப் பையனோட அக்காதானே நீங்க? அப்படியே அதே ஜாடை."

"ஆமா."

"போன வருஷமே மலை முழுக்கத் தேடிட்டாங்களேம்மா."

"அப்ப நான் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தேன். நான் இன்னும் தேடலை."

விடுதிக்காரம்மா போர்வை மட்டும் கூட ஒன்று கொண்டுவந்து வைத்தாள்.

தம்பிக்குச் சரளைப் பாதை தேடுவதுதான் பிழைப்பு. மரம் இறக்கிய பழைய வழி, கைவிட்ட கல் குவாரிக்குப் போகும் வழி என்று தார் காணாத பாதைகளாகத் தேடிப் போய், தானே ஓட்டிப் பார்த்து, மேப்பில் கோடு போட்டு, மலையில் சைக்கிள் விட ஆசைப்படுகிறவர்களுக்குக் கொடுப்பான். இந்த மலையில் அப்படி ஒரு கோடு போடப் போனவன் திரும்பவில்லை. கணவாய்க்குக் கீழே ஒரு பாறைச் சுவரில் அவன் சைக்கிள் சாய்த்து வைத்தபடி கிடைத்தது. அன்றைக்கு நல்ல மழை. ஆனால் டயரில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. யாராலும் அதற்குக் காரணம் சொல்ல முடியவில்லை. போகப் போகக் கேட்பதையும் விட்டுவிட்டார்கள்.

கணவனுக்கு இந்தப் பயணத்தில் இஷ்டமில்லை. அவளைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் கூட வந்திருந்தான்.

மறுநாள் வெயில் வந்த பிறகு கிளம்பினார்கள். தம்பி போட்ட கோட்டைக் கைபேசியில் திறந்து, ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தாள் அவள். பாதை சுற்றிச் சுற்றி ஏறியது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். டயருக்கு அடியில் சரளை நொறுங்கும் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை.

"உன் தம்பி ரோடு தேடலை. ரோடு போட மறந்துபோன இடமாப் பாத்துத் தேடியிருக்கான்" என்றான் கணவன், மூச்சிரைக்க.

ஒரு வருஷத்தில் முதல் முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கணவாயைத் தாண்டியதும் பனிமூட்டம் இறங்கியது. மத்தியான வெளிச்சம் சாம்பல் நிறமாகி, முன் சக்கரத்துக்கு அப்பால் எதுவும் தெரியாமல் போயிற்று. இருவரும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். பாறைச் சுவர் வந்தது. சைக்கிள் கிடைத்த இடம் அதுதான் என்று மேப் காட்டியது. கோடும் அங்கேயே நின்றது.

அந்த இடத்தில் இடப்பக்கமாக ஒரு பாதை பிரிந்து கீழே இறங்கியது.

"இங்க பிரியற வழியே கிடையாதுன்னு தேடினவங்க சொன்னாங்களே" என்றாள் அவள்.

கணவன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஈரச் சரளையில் ஒரு டயர்த் தடம் பாதைக்குள் போயிருந்தது. புதுசு. ஓரத்து மணல் இன்னும் சரிந்துகொண்டிருந்தது.

"இந்த டயரை நான்தான் மாட்டிவிட்டேன்" என்றான் மெதுவாக. "டயர் மேல இருக்கிற இந்தக் கட்டை அச்சு எனக்குத் தெரியும். உன் தம்பியோட பின் சக்கரம். அந்த சைக்கிள் நம்ம கடையிலதானே நிக்குது."

அவள் கால் தானாக முன்னே போயிற்று. கணவன் கையைப் பிடித்தான்.

"இரு. சரியாப் பாரு. ஆழமே இல்ல. ஆள் உக்காந்து ஓட்டின தடம் இல்ல இது."

"அப்ப?"

"சைக்கிள் மட்டும் உருண்டு போயிருக்கு."

கீழே, பனிக்குள், சரளை நொறுங்கியது.

யாரோ மெதுவாக ஓட்டுகிற சத்தம். வளைவு திரும்பி நின்றது. ஈரக் கல் வாடையோடு, பிரேக் சூடேறிக் கருகுகிற வாடை மேலே வந்தது.

"மாமா."

தம்பியின் குரல்தான். சந்தேகமே இல்லை. அவனுக்கே உரிய அவசரம் அதில் இருந்தது.

"மாமா, இறக்கம் அருமையா இருக்கு. வாங்க."

ஒரு வருஷமாக அவள் ஏங்கிய குரல். ஆனால் அவள் உடம்பு அசையவில்லை. தம்பி எந்த இடத்திலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவான். அம்மா உயிரோடு இருந்தபோதே அப்படித்தான்.

"போகாதீங்க" என்றாள்.

"அடிபட்டுக் கிடந்தான்னா? வளைவு வரைக்கும் போய் எட்டிப் பாத்துட்டு வந்துடறேன். நீ இங்கயே நில்லு." அவன் முகம் வெளுத்திருந்தது. இருந்தாலும் சைக்கிளில் ஏறினான். மச்சான் கூப்பிட்டு அவன் போகாமல் இருந்ததில்லை.

பனி அவன் முதுகை மூடியது. சரளைச் சத்தம் மட்டும் இறங்கிக்கொண்டே போனது.

பிறகு அது இரண்டு சத்தமாயிற்று.

இரண்டும் சேர்ந்து, ஒரே வேகத்தில், கீழே, இன்னும் கீழே.

அவள் கத்தினாள். வளைவு வரைக்கும்தானே என்றான். வளைவு கிட்டத்தில்தான் இருந்தாக வேண்டும். சத்தமோ எங்கோ அடியாழத்தில் கேட்டது.

திடீரென்று நின்றது.

"ஒண்ணுமில்ல" என்றது கணவனின் குரல். தூரத்தில் இல்லை. பனிக்குள், கை எட்டும் இடத்தில்.

"ஒண்ணுமில்ல. வா, அக்கா" என்றது அதே குரல்.

அவள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். விழுந்தாள், எழுந்தாள், கணவாய் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவேயில்லை. அழுகைகூட விடுதிக்கு வந்த பிறகுதான் வந்தது.

மாலைக்குள் ஆட்கள் ஏறினார்கள். அவளும் கூடப் போனாள். பனி விலகியிருந்தது. இடப்பக்கம் பாதை இல்லை. செங்குத்தான பள்ளம்தான் இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு கல்கூடப் புரளவில்லை. எதிரே, பாறைச் சுவரில், கணவனின் சைக்கிள் ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் டயர், கடையில் தொங்குகிற புது டயர் மாதிரிச் சுத்தமாக இருந்தது.

பள்ளத்தில் கயிறு விட்டு இறங்கிப் பார்த்தார்கள். நாள் கணக்கில் பார்த்தார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. நடந்ததை அவள் சொன்னபோது, அதிர்ச்சியில் பேசுகிறாள் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் கிளம்பும்போது விடுதிக்காரம்மா மட்டும் தோளைப் பிடித்து, "இனிமே இந்தப் பக்கம் வராதீங்கம்மா, யார் கூப்பிட்டாலும்" என்றாள்.

அவள் ஊர் திரும்பினாள். கடையின் ஷட்டர் இறங்கியே கிடந்தது. வீட்டில் அவளும் மாமியாரும் மட்டும். மாமியார் முட்டிவலிக்காரி. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். மகன் போனதிலிருந்து அவள் அழவில்லை. வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அத்தை, யாராவது கூப்பிட்டா வெளிய போகாதீங்க."

"என் பிள்ளை கூப்பிட்டாகூடவா?"

"அவரு குரலா இருந்தாலும் போகாதீங்க."

"நீ பெத்துப் பாரு, அப்புறம் சொல்லு" என்றாள் மாமியார். கோபமாகச் சொல்லவில்லை.

லீவு முடிந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை; போகாமல் எத்தனை நாள் இருக்க முடியும்? பக்கத்து வீட்டு அக்காவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். முதல் நாள் டூட்டி முடிந்து வந்தபோது வாசல் நாற்காலி காலியாக இருந்தது. கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாருமில்லை.

பக்கத்து வீட்டு அக்கா துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். முகம் நிறையச் சிரிப்பு.

"உன் மாமியாரு இப்பத்தான் போனாங்க. அவங்களுக்கு சைக்கிள் விடத் தெரியும்னு சொல்லவே இல்லையே நீ. என்ன வேகம்! மிதிக்கவே இல்ல, இறக்கத்துல போற மாதிரி போனாங்க."

அந்தத் தெருவில் இறக்கமே கிடையாது. மாமியாருக்கு சைக்கிளைப் பிடித்து நிறுத்தக்கூடத் தெரியாது.

"தனியாவா போனாங்க?"

"இல்லம்மா, கூட ஒரு பையன். கிட்டத்தட்ட உன் ஜாடைதான். அக்கா எத்தனை மணிக்கு வருவாங்கன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அக்கா ஆறு மணிக்கு வந்துடுவாங்கன்னு சொன்னேன். சரி, திரும்பி வரேன்னான்."

அவள் மணி பார்க்கவில்லை. உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். கதவைத் தாழ் போடவும் இல்லை.