இடுக்கு தேடும் பாசிமேயிகள்

கல்லோடை ஆற்றில் இப்போது கல்லே கிடையாது. வளைவுகளை நிமிர்த்தி, மடுக்களைத் தூர்த்து, கரைக்குக் கரை கான்கிரீட் பூசிவிட்டார்கள். வெள்ளம் ஊருக்குள் வருவது நின்றது, அது உண்மை. கூடவே கல்லடியில் ஒண்டியிருந்த பூச்சி புழுக்களும் ஒழிந்தன. பாசியையும் உதிர்ந்த இலையையும் அவைதான் தின்று தீர்த்தன என்பது, ஆறு நாறத் தொடங்கிய பிறகே, அந்த வேலையை முன்நின்று செய்த பொறியாளர் மங்கையர்க்கரசிக்கு உறைத்தது.

கற்களைத் திரும்பப் போடலாம் என்றார்கள். நீரோட்டம் கெடும் என்று மறுத்துவிட்டாள். பதிலுக்கு அவள் விட்டவை பாசிமேயிகள்: கண்ணுக்குத் தெரியாத குட்டி எந்திரங்கள், ஆறு கால், அழுகியதைத் தின்று அதிலேயே இயங்குபவை. ஓட்டம் வேகமானால் பிடியை இறுக்கும். மந்தமான இடுக்கைக் கண்டால் அங்கே தங்கும். செத்துப்போன பூச்சிகளின் குணத்தை அப்படியே எழுதி வைத்திருந்தாள். வழவழப்பான கான்கிரீட்டில் இடுக்குக்கு எங்கே போகும் என்றுதான் யோசிக்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும். அழுகியதைத் தின்று ஆற்றைத் தெளியவைத்தாலும், பற்ற இடமில்லாமல் அவை நீரோடு மிதந்து அலைந்தன.

குழாய்நீருக்கு வடிகட்டி இருந்தது. ஆனால் ஆடிப்பெருக்கன்று யார் குழாயைத் தேடுவார்கள்? தெளிந்த ஆற்றில் இறங்கிக் கைநிறைய அள்ளிக் குடித்தது ஊர். முதலில் குடித்தவன் அவள் கணவன் இன்பராஜ். கூட்டம் தயங்கியபோது, "நீங்க குடிங்க, அப்பதான் எல்லாரும் குடிப்பாங்க" என்று அவள்தான் அவனை முன்னால் தள்ளினாள்.

இப்போது குடித்தவர்களில் பலர் மருத்துவமனையில்; அவன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். அவன் குடலின் மடிப்புகளில் பாசிமேயிகள் அப்பியிருந்ததைத் திரையில் காட்டினார் மருத்துவர் சல்மா.

"பேதிக்குக் குடுத்துப் பாத்தீங்களா டாக்டர்?" என்று கேட்டாள் மங்கையர்க்கரசி.

"குடுத்தோம் மேடம். இன்னும் இறுக்கிப் பிடிக்குது. குடல் சுவரையே சுரண்ட ஆரம்பிச்சிருச்சு."

அந்தப் பிடியைச் சோதித்துப் பார்த்துக் கைதட்டியவள் அவள். "அப்ப என்னதான் வழி?"

"மடிப்பு உள்ள பகுதியை எடுத்துட்டு, வழவழன்னு நேரா ஒரு குழாய் வைக்கணும். அதுங்க ஒதுங்க இடமிருக்காது. இல்லன்னா இவர் பொழைக்க மாட்டாரு."

"செரிமானத்துக்கு உள்ள நுண்ணுயிர் இருக்குமே..." அவள் திரையில் தெரிந்த மடிப்புகளைத் தொட்டுக் காட்டினாள். "அதெல்லாம் எங்க தங்கும்?"

"தங்காது," என்றார் சல்மா. "கவலைப்படாதீங்க. அந்த வேலையைப் பாக்கவும் குட்டி எந்திரம் வந்திருச்சு. உங்க பாசிமேயியைப் பாத்துத்தான் செஞ்சிருக்காங்க."