ரோலரை நிறுத்தியவள்

கைப்பேசியில் அலைக்கார அக்கா கத்தினாள். பூகம்ப அலைகளை ஆராய்கிறவள் அவள். அதனால் வாலுவின் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்.

"வாலு, உலகத்தோட அந்தப் பக்கம் கடலுக்கடியில பெரிய பூகம்பம்! நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல. அந்த அலை பூமிக்குள்ள புகுந்து உங்க வீட்டுக்கு வர இன்னும் ஒன்பது நிமிஷம். அப்புறம் அரை மணி நேரம் பக்கத்துல எதுவும் அதிரக்கூடாது!"

இப்படி ஓர் அலைக்காகக் கொல்லைக் குழிக்குள் அக்கா வைத்த, அதிர்வைப் பதியும் கருவி ஒன்று இரண்டு வருடமாகக் காத்திருந்தது. நாளை அதைத் தோண்டி எடுத்துப் போய்விடுவார்கள்.

வாலு தெருவுக்குப் பாய்ந்தாள். வாசலை ஒட்டி ரோடு ரோலர் கடகடவென்று உருண்டுகொண்டிருந்தது. தார் பரப்பும் ஆட்களில் அம்மாவும் ஒருத்தி.

"மாமா, நிறுத்துங்க!"

"ஏன், பூனைக்குட்டி தூங்குதா?" என்றார் ரோலர் டிரைவர்.

"பூமிக்கு உள்ள பாக்கறாங்க மாமா, டாக்டர் ஸ்கேன் எடுக்கிற மாதிரி! ரொம்ப ஆழத்துல மலை மாதிரி சூடான பாறை இருக்காம். அது வழியா வந்தா அலை மெதுவாயிடுமாம். எவ்வளவு லேட்டோ, அதை வெச்சுத்தான் படம் வரைவாங்க. ரோலர் ஓடினா எல்லாம் கெட்டுடும்!"

மேஸ்திரி குறுக்கே வந்தார். "தாரைச் சூட்டோட உருட்டணும் பாப்பா. ஆறிப்போனா கல்லு. கடப்பாரையால பேர்க்கிறது யாரு? உங்கம்மாதான்."

அம்மாவின் உள்ளங்கையில் ஏற்கெனவே கொப்புளம்.

ஆறு நிமிடம்தான் மிச்சம். வாலுவின் பார்வை தார்க் கலவை ஏற்றி வந்த லாரிமேல் போனது. பாதிக் கலவை இன்னும் உள்ளேயே இருந்தது.

"கொட்டினதை மட்டும் உருட்டிடுங்க. மிச்சத்தை இறக்காம தார்ப்பாய் போட்டு மூடினா சூடு தாங்காதா?"

மேஸ்திரி மீசையைச் சொறிந்தார்.

"தாங்கும்," என்றாள் அம்மா. "நேத்து லாரி வழியில ஒரு மணி நேரம் நின்னுச்சே, கலவை ஆறிடுச்சா?"

"சரி சரி, மூடு!"

ரோலர் முன்னும் பின்னும் ஓடி முடித்து, பெருமூச்சு விட்டு நின்றது. லாரியும் அடங்கியது.

"யாரும் நடக்காதீங்க. உக்காருங்க!" என்றாள் வாலு.

"எச்சில் முழுங்கலாமா?" என்று கிசுகிசுத்தார் டிரைவர்.

அரை மணி நேரம் அந்தத் தெருவில் ஒரு பூனைகூட ஓடவில்லை. அலை வந்ததா, போனதா, யாருக்கும் தெரியவில்லை. கடித்துக் கடித்து வாலுவின் நகங்கள்தான் தேய்ந்தன.

கைப்பேசி அலறியது.

"கிடைச்சிடுச்சு வாலு! சுத்தமா வந்திருக்கு! ஏழு செகண்ட் லேட்! அந்தப் பாறையைத் தொட்டுட்டுத்தான் வந்திருக்கு!"

"ஏழு செகண்டுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" என்றார் டிரைவர். "நான் தினமும் அரை மணி லேட்டு. என்னை யாரும் படம் வரையலையே!"

மேஸ்திரி சிரிக்கவில்லை. அவர் கண் லாரியிலேயே இருந்தது.

அம்மா தார்ப்பாயை இழுத்தாள். குப்பென்று சூட்டுப் புகை முகத்தில் அடித்தது.

"ஏறுங்கண்ணே ரோலர்ல," என்றாள் டிரைவரிடம்.